முற்றுகைக்குள் ஒரு மனம்: ஜான் பனியனின் தன்வரலாற்றில் கட்டாய எண்ணங்களின் மொழி

முன்னுரை

தமிழ் ஆய்வுலகில் ஜான் பனியன் என்னும் பெயர் பெரும்பாலும் எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தோடு இணைத்தே நினைக்கப்பெறுகிறது. பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பயணம் என்னும் உருவகக் கதையை முதனூலாகக் கொண்டு, ஐந்து பருவங்களாக அமைந்து, 1894இல் அச்சேறிய அக்காப்பியம் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் பெற்றுள்ள இடம் யாவரும் அறிந்ததே. அவ்வுருவகக் கதைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1666இல், சிறையில் இருந்தவாறே பனியன் ஒரு தன்வரலாற்றை வெளியிட்டார். 'பாவிகளுள் தலையாயவனுக்குப் பெருகிய அருள்' என அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். உருவகக் கதையில் மலையாகவும் உளையாகவும் கோட்டையாகவும் நிற்பவை அனைத்தும் இத்தன்வரலாற்றில் ஒரு மனிதனின் மனத்துக்குள் நிகழ்ந்தவையாக உள்ளன.

விரும்பாத எண்ணங்கள் ஒருவரது சிந்தனையையும் உணர்ச்சியையும் செயலையும் எங்ஙனம் கைக்கொள்கின்றன என்பதை இந்நூலின்வழி ஆராய்வதும், அவ்வனுபவத்தை விளக்கத் தமிழ் இலக்கண, இலக்கிய மரபு எந்த அளவு துணைபுரியும் எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது இதன் நோக்கமன்று. மருத்துவர் நேரில் காணாத ஒருவரை நூல்கொண்டு நோயறிதல் இயலாது. ஆயின் ஒரு நூலின் மொழியை நோயின் மொழியோடு ஒப்பிட்டுக் காணுதல் திறனாய்வாளனுக்கு இயலும்.

சொல்லும் நோயும்

இன்று ஓசிடி எனச் சுருக்கி வழங்கப்பெறும் நோய்க்குத் தமிழில் எண்ணச் சுழற்சி நோய், மனச்சுழற்சி நோய், கட்டாய எண்ண நோய் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இந்நோய்க்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று, அழையாமல் வந்து அகலாது நிற்கும் எண்ணம், ஐயம் அல்லது காட்சி. மற்றொன்று, அவ்வெண்ணம் எழுப்பும் துயரைத் தணிக்கும்பொருட்டு மீளமீளச் செய்யப்பெறும் செயல். அச்செயல் கை கழுவுதல், பூட்டைச் சோதித்தல் போல வெளிப்படையாகவும் அமையலாம். எண்ணுதல், செபித்தல், ஒப்பிட்டுப் பார்த்தல் போல மனத்துக்குள்ளேயும் அமையலாம். இவை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் கவர்ந்துகொள்வதையோ, வாழ்வைக் குலைப்பதையோ மருத்துவர் அளவுகோலாகக் கொள்வர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இதனைப் பதற்ற நோய்களின் தொகுதியினின்று பிரித்துத் தனி இயலாக அமைத்தது.

மக்கள் வழக்கில் இந்நோய் தூய்மை பேணுவோரின் விசித்திரப் பழக்கமாக மட்டுமே எண்ணி நகைக்கப்பெறுகிறது. இந்நகைப்பு நோயின் பாதியை மறைத்துவிடுகிறது. கழுவும் கையைப் பிறர் காண்பர். தெய்வத்தை நிந்திக்கும் சொல் தன் வாயினின்று வந்துவிடுமோ என அஞ்சி வாயை மூடிக்கொண்டிருப்பவனை யாரும் காணார். பனியன் எழுதியது காணப்பெறாத அந்தப் பாதியைப் பற்றியே ஆகும்.

ஆங்கிலத்தில் இவ்வகை எண்ணத்தைக் குறிக்கும் சொல் முற்றுகையிட்டு அமர்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. 'சுழற்சி' என்னும் தமிழாக்கம் நோயின் மீள்வரவை நன்கு உணர்த்துகிறது. 'கட்டாயம்' என்பது அதன் வன்மையை உணர்த்துகிறது. எண்ணம் புறத்தேயிருந்து வந்து வளைத்துக்கொண்டது போன்ற உணர்வை இவ்விரு சொற்களும் தரவில்லை. அக்குறையை நிரப்பும் கருவி நம் புறப்பொருள் இலக்கணத்தில் உள்ளது. அது பின்னர் விளக்கப்பெறும்.

நூலும் ஆசிரியரும்

பனியன் 1628இல் இங்கிலாந்தின் பெட்போர்டு நகருக்கு அண்மையிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஓட்டையடைக்கும் தொழில் செய்தவர். உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் பணியாற்றினார். திருமணமானபோது அவருடைய மனைவி கொண்டுவந்தவை இரண்டு சமய நூல்களே. அரசின் திருச்சபைக்குப் புறம்பாகப் போதித்த குற்றத்திற்காக 1660இல் சிறையிடப்பெற்று 1672 வரை அங்கிருந்தார். தன்வரலாற்றின் பெரும்பகுதி அவர்தம் இருபதுகளில் பட்ட மனத்துயரைக் கூறுவதாகும்.

இந்நூலை உளவியல் நோக்கில் பயின்றோர் பலர். அமெரிக்க மெய்யியலாளர் ஜோசையா ராய்ஸ் 1894இல் பனியனைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார்; வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவ நூலில் பனியனின் வலிந்து வரும் எண்ணங்களைச் சுட்டினார். இரட்சணிய யாத்திரிகம் வெளிவந்த அதே 1894இல் ராய்ஸின் கட்டுரையும் வெளிவந்தமை தற்செயலே. எனினும் பனியனைக் காப்பியமாக்கிய பாளையங்கோட்டைப் பகுதிப் புலவரும், அவரை மனநோக்கில் ஆய்ந்த அமெரிக்க அறிஞரும் ஒரே காலத்தவர் என்பது ஒப்பிலக்கிய மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

சிந்தனை: முடிவுறா ஐயம்

நூலின் முற்பகுதியில் வரும் மணிக்கூண்டு நிகழ்ச்சி கட்டாய எண்ணத்தின் கட்டமைப்பைத் தெளிவுறக் காட்டுகிறது. தேவாலய மணி அடிப்பதில் பனியனுக்குப் பெருவிருப்பம் இருந்தது. அது வீண் இன்பம் எனக் கருதி அதனை விட்டார். ஆனால் பிறர் அடிப்பதைச் சென்று பார்ப்பதை விட இயலவில்லை. அப்போது, மணியொன்று தன்மீது விழுந்தால் என்னாகும் என்னும் எண்ணம் எழுந்தது. ஆகவே பெரிய உத்திரத்தின் கீழ் நின்றார். மணி விழுந்து சுவரில் மோதித் தன்மேல் தெறித்தால்? எனவே வாயிற்படிக்கு விலகினார். கூண்டே இடிந்து விழுந்தால்? அதன்பின் அங்கு நிற்கவே அவரால் இயலவில்லை.

எண்ணத்தின் ஒவ்வொரு படியும் தருக்கத்திற்கு முரணானதன்று என்பது கவனிக்கத்தக்கது. மணி விழுதல் இயலாத காரியமன்று. நோயுற்ற சிந்தனை பகுத்தறிவை இழந்த சிந்தனையன்று. ஐயத்தை எங்கு நிறுத்துவது என்னும் அளவை இழந்த சிந்தனை. ஒவ்வொரு பாதுகாப்பும் அடுத்த ஐயத்திற்கு வாயிலாகிறது. பனியனின் வாக்கிய அமைப்பும் இதனைப் பின்பற்றி, அச்சம், விலகல், மீண்டும் அச்சம் எனப் படிப்படியாக நகர்கிறது.

எல்ஸ்டோவிற்கும் பெட்போர்டிற்கும் இடைப்பட்ட சாலையில் நிகழ்ந்த மற்றொன்றும் இத்தகையதே. தனக்கு மெய்யான விசுவாசம் உண்டா என அறிய, தேங்கிய நீரை வற்றுமாறும் உலர்ந்த இடத்தை நீராகுமாறும் ஆணையிட்டுச் சோதிக்கும் உந்துதல் அவருக்கு எழுகிறது. ஆணையிடுமுன் வேலியோரம் சென்று செபிக்க எண்ணுகிறார். செபித்தும் நிகழாவிடில் தான் கைவிடப்பட்டவன் என உறுதியாகிவிடுமே என்னும் அச்சம் மேலிட, சோதனையைத் தள்ளிவைக்கிறார். உறுதியை நாடுபவன் உறுதி கிடைத்துவிடுமோ என்றே அஞ்சும் இந்நிலை நோயின் மையமுரண் எனலாம்.

உணர்ச்சி: அச்சத்தின் ஐந்தாம் களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு களன்களைக் கூறும். இந்நான்கும் அஞ்சுபவனுக்குப் புறத்தே இருப்பவை. அஞ்சியவன் ஓடலாம், ஒளியலாம், பணியலாம். பனியன் அஞ்சியதோ தன் மனத்தையே ஆகும். போதனை கேட்டுக்கொண்டிருக்கும்போது தெய்வ நிந்தனைச் சொற்கள் நாவில் வந்து நிற்பதாக உணர்ந்து, வாய் திறவாதிருக்கக் கையால் மோவாயைத் தாங்கிப் பிடிக்க முற்படுகிறார். சில வேளை குப்பைக்குழியில் தலைகீழாகப் பாய்ந்தேனும் வாயை அடைக்கலாமா என எண்ணுகிறார். இவ்வச்சத்தை மெய்ப்பாட்டியலின் நான்கனுள் ஒன்றில் அடக்க முயன்றால் 'கள்வர்' என்பதே ஓரளவு பொருந்தும். அக்கள்வனும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

அச்சத்தோடு குற்றவுணர்வும் தன்மீதான அருவருப்பும் இணைகின்றன. தவளையினப் பிராணியைக் கண்டும் அதன் நிலை தன் நிலையினும் மேலானதெனப் பொறாமைப்படுகிறார். தெருவின் கற்களும் கூரையின் ஓடுகளும் தனக்கெதிராகத் திரண்டதுபோல் உணர்கிறார். மார்பெலும்பு பிளப்பது போன்ற வலியையும் பதிவுசெய்கிறார். அவ்வலியையும் யூதாசின் முடிவோடு ஒப்பிட்டு மேலும் அஞ்சுகிறார். உணர்ச்சி உடலில் தோன்ற, உடற்குறி மீண்டும் எண்ணத்திற்குச் சான்றாகிறது. எந்தப் பொருள்மீது ஒருவருக்கு மிகுந்த அன்போ மதிப்போ உண்டோ, அதையே இந்நோயின் எண்ணம் பெரும்பாலும் தாக்கும். குழந்தையை உயிரினும் மேலாக நேசிக்கும் தாய்க்கு, குழந்தைக்குத் தன்னால் தீங்கு நேருமோ என்னும் எண்ணம் வருவது இதனாலேயே. பனியனுக்கு நிந்தனை எண்ணம் வந்தது அவர் பக்தியின் குறைவால் அன்று.

செயல்: கவசமே விலங்காதல்

ஏறத்தாழ ஓராண்டுக் காலம், கிறித்துவை விற்றுவிடுமாறு ஓர் உட்குரல் இடைவிடாது தூண்டியதாகப் பனியன் எழுதுகிறார். அதற்கு எதிராக, ஆயிரம் உலகங்கள் கிடைப்பினும் விற்கேன் என அவரும் இடைவிடாது மறுமொழி கூறுகிறார். இம்மறுப்பு மனத்தளவில் நில்லாது, கையாலும் முழங்கையாலும் எதனையோ தள்ளும் உடலசைவாகிறது. உணவருந்தும்போது எழுந்து சென்று செபிக்க வேண்டும் என்னும் உந்துதலும் தோன்றுகிறது. ஒருநாள் காலை, படுக்கையில் இருந்தபோது, மறுத்து மறுத்துச் சோர்ந்த மனம், அவர் விரும்பினால் போகட்டும் என நினைத்துவிடுகிறது. மனம் அதற்கு இசைந்துவிட்டதாகவே அவர் உணர்ந்தார். அக்கணமே தான் மன்னிப்பிற்கு அப்பாற்பட்டவன் என்னும் முடிவுக்கு வந்தார்.

அதன்பின் நூல் நெடுகிலும் தொடர்வது ஒப்பீடும் உறுதி தேடலும் ஆகும். தலைச்சன் உரிமையை விற்றுப் பின் கண்ணீரோடு தேடியும் பெறாத ஏசாவைப் பற்றிய விவிலிய வாசகம் அவரை விடாது வாட்டுகிறது. தன் பாவத்தைத் தாவீதின் பாவத்தோடும் பேதுருவின் பாவத்தோடும் யூதாசின் பாவத்தோடும் வைத்து நிறுக்கிறார். யூதாசு அறிந்தே செய்தான். தான் செய்ததோ தன் செபத்திற்கும் முயற்சிக்கும் மாறாக நேர்ந்தது என்னும் வேறுபாட்டையும் அவரே கண்டுணர்கிறார். அவ்வுணர்வு சற்றே ஆறுதல் தந்து மறைந்துவிடுகிறது. முதிய கிறித்தவர் ஒருவரிடம் தன் அச்சத்தைக் கூற, தமக்கும் அவ்வாறே தோன்றுகிறது என அவர் விடையிறுக்கிறார். அடியவரின் அச்சத்தை அறியாத அவ்விடை எத்துணைக் கொடியது என்பதைப் பனியன் விளக்கவில்லை. நிகழ்ந்ததைக் கூறி அமைகிறார்.

இப்பகுதிகளில் ஒரே வாசகமும் ஒரே வாதமும் மீளமீள வருவதைக் கலைக்குறை எனக் கொள்வாரும் உளர். வாசகன் களைப்புறுவது உண்மையே. ஆயின் அக்களைப்பே நூல் தரும் அறிவு. ஆறுதல் சொல் ஒவ்வொன்றும் சில நாளோ சில மணியோ பயன்பட்டு, பின் வலுவிழக்கிறது. அவ்வலுவிழப்பைச் சுருக்கிக் கூறியிருப்பின், நோயுற்றவரின் வீட்டார் 'இதைத்தான் நேற்றே சொன்னோமே' எனச் சலிப்பதன் காரணத்தையும், சொன்னது நிலைக்காததன் காரணத்தையும் வாசகன் உணர்ந்திருக்கமாட்டான்.

உழிஞையும் நொச்சியும்

மதிலை முற்றுதல் உழிஞை என்றும், மதிலைக் காத்தல் நொச்சி என்றும் புறப்பொருள் வெண்பாமாலை இருவேறு திணைகளாக வகுக்கும். தொல்காப்பியரோ நொச்சியைத் தனித் திணையாக்காது, முற்றுவோன் செயலையும் காப்போன் செயலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்குவார். பனியனின் அனுபவத்தை விளக்கத் தொல்காப்பியர் நெறியே பொருத்தமானது. எண்ணம் முற்றுகையிடுகிறது, செபமும் மறுப்பும் ஒப்பீடும் மதிலைக் காக்கின்றன. ஆனால் காவல் நீடிக்கும்வரை முற்றுகையும் நீடிக்கிறது. தள்ளத் தள்ள எண்ணம் வலுப்பெறுகிறது. இரண்டும் ஒரே போரின் இரு முகங்கள்.

பனியனே 1682இல் எழுதிய புனிதப் போர் என்னும் உருவக நூலில் மனித ஆன்மாவை முற்றுகைக்குள்ளான ஒரு நகரமாகப் படைத்தார். எனவே இவ்வுவமை நாம் புறத்தேயிருந்து ஏற்றியதன்று.

மருத்துவமும் இவ்வழியே சென்றது. 1966இல் இலண்டனில் விக்டர் மேயர், நோயுற்றோர் தம் சடங்குச் செயல்களைச் செய்யாதிருக்க உதவி, அச்சத்தைத் தாங்கி நிற்கப் பழக்கும் முறையின் பயனை வெளியிட்டார். இன்று அம்முறையும், மூளையின் செரட்டோனின் இயக்கத்தைச் சார்ந்த மருந்துகளும் முதன்மைச் சிகிச்சைகளாக உள்ளன. நொச்சியைக் கைவிட்டால் உழிஞை தளரும் என்பதே இச்சிகிச்சையின் சாரம்.

தன்வரலாற்றிலிருந்து உருவகத்திற்கு

மோட்சப் பயணத்தில் மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கடக்கும் பயணியின் பின்னால், தீயோருள் ஒருவன் மெல்ல நெருங்கி நிந்தனைச் சொற்களைக் காதில் ஓதுகிறான். பயணியோ அவை தன் மனத்தினின்றே எழுந்தவை என மயங்கி, வேறெத்துன்பத்தினும் மிகுதியாக வருந்துகிறான். தன் குரல் எது, பிறன் குரல் எது என அவனால் பிரித்தறிய முடியவில்லை.

தன்வரலாற்றின் பல பக்கத் துயரம் இங்கு ஒரு சிறு காட்சியாகச் சுருங்கியுள்ளது. சுருக்கத்தினும் முக்கியமானது பார்வையின் மாற்றம். தன்வரலாற்றில் எழுதுவோனும் துன்புறுவோனும் ஒருவனே; எண்ணம் தன்னுடையதா அன்றா என்னும் வழக்கில் அவனே குற்றவாளி, அவனே நீதிபதி. உருவகத்திலோ ஆசிரியன் சற்று விலகி நிற்கிறான். ஓதுபவனைப் பயணி காணவில்லை, வாசகன் காண்கிறான். 'அது உன் குரலன்று' எனக் கூறும் இடத்தில் வாசகனை நிறுத்தியதே இக்காட்சியின் வெற்றி. குரலுக்குரியவனைப் பேயாகக் கண்டது அக்காலச் சமய மொழி. எண்ணம் வேறு, எண்ணுபவன் வேறு என்னும் பிரிப்போ காலம் கடந்தது.

இதனைக் கொண்டு நோயே மேதைமைக்குக் காரணம் எனக் கூறுதல் தவறாகும். நோய் பனியனின் ஆண்டுகளைப் பறித்தது; இலக்கியம் அவர் மீட்டுக்கொண்டது. தன்வரலாற்றின் முடிவுரையிலும் தம் நெஞ்சில் இன்னும் எஞ்சியுள்ள குறைகளை எண்ணிட்டுக் கூறுகிறாரேயன்றி, முழுக்குணம் அடைந்ததாகக் கூறினாரல்லர். அவ்வாய்மை நூலின் தகுதியை உயர்த்துகிறது.

உள்ளலும் தோன்றலும்

இவ்வாய்விற்கு என்னைத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. கள்ளாமை அதிகாரம் பயிற்றும்போது, தீயதை உள்ளத்தால் நினைப்பதும் தீதே என்னும் கருத்தமைந்த 282ஆம் குறளை விளக்கினேன். வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவர் வந்து, நினைக்க விரும்பாமலே வரும் நினைப்பும் தீதாகுமா என வினவினார். எண்ணமும் செயலுக்கு ஒப்பானதே என மரபான விடையைக் கூறி அனுப்பினேன். அவர் எதனைத் தாங்கிக்கொண்டு அவ்வினாவைக் கேட்டார் என்பது பல மாதங்களுக்குப்பின், அவர் மருத்துவ உதவி பெறத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. பனியனுக்கு விடையிறுத்த முதியவரின் இடத்தில் நான் நின்றிருந்தேன்.

குறளை மீண்டும் நோக்கினால், அது அம்மாணவருக்கு எதிரானதன்று என்பது தெளிவாகும். துறவறவியலில் அமைந்த அக்குறளில் உள்ளம் மூன்றாம் வேற்றுமை ஏற்றுக் கருவியாக நிற்கிறது, உள்ளுபவனே வினைமுதல். நினைப்பின் பொருளும் 'கள்வேம்' என்னும் தன்மைப் பன்மை எதிர்கால வினைமுற்றால் கூறப்பெறுகிறது. அது துணிபு; திட்டம். வள்ளுவர் கடிவது துணிந்த உள்ளலையே, அழையாது தோன்றும் தோற்றத்தை அன்று.

நம் அன்றாட மொழியும் இவ்வேறுபாட்டை அறியும். 'நான் எண்ணுகிறேன்' என்னும்போது மனிதன் எழுவாய். 'எனக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது' என்னும்போது எண்ணமே எழுவாய். மனிதன் நான்காம் வேற்றுமையில் அதனை ஏற்பவனாக மட்டும் நிற்கிறான். பனியனின் துயரம், நான்காம் வேற்றுமையில் நின்ற ஒருவன் தன்னை எழுவாயாக்கிக்கொண்ட துயரம் ஆகும். எண்ணுதலைச் செய்தலோடு ஒன்றாக்கும் இப்பிழையை உளவியலாளர் இந்நோயின் முக்கியக் கூறுகளுள் ஒன்றாகக் கொள்வர். ராக்மன் என்பாரும் இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய வேண்டா எண்ணங்கள் நோயற்றோர் பெரும்பாலோர்க்கும் வருவன என நிறுவியது. பொருளில் வேறுபாடு சிறிதே. வரும் செறிவிலும் தரும் துயரிலுமே வேறுபாடு பெரிது. எண்ணம் வருவது எல்லார்க்கும் பொது. அதனைத் தன் குற்றமாக ஏற்றுக்கொள்வதே நோயின் தொடக்கம்.

முடிவுரை

பனியனின் தன்வரலாறு கட்டாய எண்ணங்களின் இயக்கத்தை அகத்தேயிருந்து காட்டும் அரிய ஆவணம். சிந்தனையில் நிறுத்தமிலா ஐயமாகவும், உணர்ச்சியில் தன்னையே அஞ்சும் அச்சமாகவும், செயலில் ஓயாத காவலாகவும் அது வெளிப்படுகிறது. அதன் மீள்கூற்று கலைக்குறையன்று, பொருளுக்கேற்ற வடிவம். முற்றலையும் காத்தலையும் ஒரே திணையாகக் கண்ட தொல்காப்பிய நெறியும், எண்ணுதலையும் தோன்றுதலையும் வேற்றுமையால் பிரிக்கும் தமிழ்த் தொடரமைப்பும் இவ்வனுபவத்தை விளக்க வல்லன.

இரட்சணிய யாத்திரிகத்தை ஒப்பாய்வு செய்வோர் மோட்சப் பயணத்தோடு இத்தன்வரலாற்றையும் சேர்த்துப் பயில்வாராயின், அக்காப்பியத்தின் மூலத்தில் புதைந்துள்ள துயரத்தின் ஆழம் புலனாகும். அறநூல் பயிற்றும் ஆசிரியர்க்கு இதனினும் அணுக்கமான கடமை ஒன்றுண்டு. மனமாசு பற்றிப் பேசும் ஒவ்வொரு வகுப்பிலும், தோன்றும் எண்ணத்திற்கு யாரும் குற்றவாளி அல்லர் என்பதையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். கேட்போருள் ஒருவர் அச்சொல்லுக்காகவே காத்திருத்தல் கூடும்.